தி.நகரா, ஈ.சி.ஆரா?

கேள்வி: கார்த்திகையில் மகளுக்கு வரவேற்பு. 600 பேர் வருவார்கள். தி.நகர் மண்டபமா, ஈ.சி.ஆரில் கடலோரத் திறந்தவெளியா? பெண்ணுக்குக் கடற்கரைதான் ஆசை.
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: கார்த்திகையில் சென்னைக்கு மழைக்காலம். திறந்தவெளி வேண்டாம் அம்மா. தி.நகரில் வண்டி நிறுத்துவது பெரும்பாடு. வடபழனி, அசோக் நகர் பக்கம் பாருங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் ஆலந்தூரில் மெட்ரோ மாறி வந்துவிடலாம்.

மண்டபம் பார்க்கப் போனால் மேடை அலங்காரத்தில் மயங்காதீர்கள். நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போங்கள். ஒரு பந்திக்கு 150 இலை விழுந்தால் 600 பேருக்கு நான்கு பந்தி. பந்திக்கு அரை மணி என்றாலும் 7 மணிக்குத் தொடங்கி 9 ஆகிவிடும். கூடம் இதைவிடச் சிறியதென்றால் வேண்டவே வேண்டாம். தூரத்திலிருந்து வந்தவர்கள் மொய்க் கவரை நீட்டிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புவதை என்னால் பார்க்க முடியாது.

வாடகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு எல்லாம் தனிக் கணக்கா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். அப்புறம், லிஃப்ட் ஓடுகிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள்.