எத்தனை அடி நிஜம், எத்தனை அடி கதை?

கேள்வி: கனடாவில் ஓக் தீவு என்று ஒன்று இருக்கிறதாம், அங்கே 1795லிருந்து புதையல் தோண்டுகிறார்களாம், இன்னும் கிடைக்கவில்லையாம். டிவி தொடரைப் பார்த்துவிட்டு என் மகனுக்கு ராத்திரி சாப்பாட்டிலும் இதே பேச்சு. இதில் எது நடந்தது, எது விட்ட கதை? (வாசகர், நாமக்கல்)

பதில்: தெரியாதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் மஹோன் வளைகுடா, அதில் சுமார் 140 ஏக்கரில் ஒரு தீவு. 1795இல் டேனியல் மெக்கின்னிஸ் என்ற இளைஞன் அங்கே போகிறான். ஓர் ஓக் மரத்தடியில் தரை வட்டமாக உள்வாங்கியிருக்கிறது, மேலே கிளையில் கப்பி தொங்குகிறது. ஜான் ஸ்மித், ஆண்டனி வான் என்ற இரண்டு கூட்டாளிகளோடு தோண்டுகிறான். இரண்டடியில் பாவிய கல். பத்தடியில் ஓக் கட்டைகளை அடுக்கிய தளம், இருபதடியில் இன்னொன்று, முப்பதடியில் இன்னொன்று. அதோடு கைவிட்டார்கள். சில வருஷம் கழித்துக் கம்பெனி சேர்த்துக்கொண்டு வந்தவர்கள் தொண்ணூறடி வரை போனார்கள், எழுத்து வெட்டிய ஒரு கல் கிடைத்தது, மறுநாள் வந்து பார்த்தால் குழியில் அறுபதடிக்குத் தண்ணீர். அன்றிலிருந்து அந்தக் குழிக்குப் பெயர் ‘மணி பிட்’, பணக்குழி.

சரி, இதில் எது தேறும்? மூன்று பேரும் நிஜமான ஆட்கள்தான். 1795 ஜூனில் ஸ்மித் அந்தத் தீவில் 18ஆம் எண் மனையை வாங்கியதற்குப் பத்திரம் இருக்கிறது. 1795ஐப் பொறுத்தவரை கையில் இருப்பது அவ்வளவுதான். தோண்டியதைப் பற்றி அந்த வருஷம் எழுதிய கடிதமோ டைரியோ பத்திரிகைத் துணுக்கோ கிடையாது. குழிக் கதை அச்சில் வருவது 1850களின் கடைசியிலும் 1860களிலும், அதாவது அறுபது வருஷத்துக்கும் மேல் வாய்வழியாகச் சுற்றிய பிறகு. அப்போது எழுதியவர்களில் ஒருவர் அங்கே தோண்டிக்கொண்டிருந்த கம்பெனியிலேயே இருந்தவர், அதாவது பங்கு வாங்க ஆள் சேர்ந்தால் அவருக்கும் நல்லது.

அறுபது வருஷத்தில் ஒரு கதைக்குக் கண், காது, மூக்கு முளைப்பதற்கு ஓர் உதாரணம். பழைய விவரிப்புகள் சிலவற்றில் பத்தடிக்கு ஒருமுறை ஏதோ ‘அடையாளம்’ தெரிந்தது என்றுதான் இருக்கிறது. பிற்பாடு சொன்னவர்கள் அதையே கச்சிதமான ஓக் தளமாக்கிவிட்டார்கள். ‘ஆளே போகாத தீவு’ என்பதும் அப்படித்தான். 1762லேயே அதை நாலு நாலு ஏக்கராக 32 மனை போட்டு அளந்துவிட்டார்கள். ஊர் அளந்து மனை போட்ட இடத்தில் கிளையில் கப்பியைத் தொங்கவிட்டுப் போன கொள்ளையனுக்கு அசாத்தியத் தைரியம்தான்.

உங்கள் மகனிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இதை முதன்முதலில் எப்போது எழுதினார்கள்? அந்தப் பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது? ஒவ்வொரு எபிசோடுக்கும் இதைப் போட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: தொண்ணூறடியில் கிடைத்த கல்லில் ‘நாற்பதடி கீழே இருபது லட்சம் பவுண்டு புதைந்திருக்கிறது’ என்று சங்கேத மொழியில் எழுதியிருந்ததே, அது போதாதா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்தக் கல் எங்கே என்று கேளுங்கள். ஸ்மித் வீட்டுக் கணப்படுப்பில் பதித்திருந்தார்களாம், அங்கிருந்து ஹாலிஃபாக்ஸில் ஒரு புத்தக பைண்டிங் கடைக்குப் போனதாம், அங்கே அதன்மேல் தோலை வைத்து அடித்து அடித்து எழுத்தெல்லாம் தேய்ந்துபோனதாம், அப்புறம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காணாமலே போய்விட்டது. ஒரு போட்டோகூட இல்லை. இன்று புத்தகங்களிலும் டிவியிலும் காட்டுகிறார்களே அந்த முக்கோணமும் புள்ளியுமான எழுத்து, அது அச்சில் வந்ததே 1951இல்தான். கல் தொலைந்து முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து அதன் வாசகம் கிடைக்கிறது!

இன்னொன்று, அது ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி என்று மாற்றிப்போட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடும் சங்கேதம். கதைப்படி பொறி வைத்து, கட்டை அடுக்கி, கடல் தண்ணீரைத் திருப்பிவிட்டு அவ்வளவு பாடுபட்டு ஒளித்தவன், ஆழத்தையும் தொகையையும் கல்லில் வெட்டி வழியிலேயே வைப்பானா?

1849இல் துளை போட்டபோது துரப்பணத்தில் தங்கச் சங்கிலியின் மூன்று கண்ணிகள் ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் சொல்வார்கள். இதே சமயத்துக் கதையில் ஒரு மேஸ்திரி, துரப்பண முனையிலிருந்து எதையோ எடுத்து, அலசி, உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கேட்டதற்குக் காட்ட மறுத்துவிட்டார். கதை சொல்லத் தெரிந்தவன் வைத்த காட்சி அது, ரசித்தேன். ஆனால் கண்ணியும் இல்லை, பையில் போனதும் இல்லை.

கேள்வி: தேங்காய் நார் கிடைத்தது உண்மையா? கனடாவில் ஏது தென்னை? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பொள்ளாச்சியிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கு நான் நாரைப் பற்றிச் சொல்வதா! உண்மைதான். தீவின் ஸ்மித்ஸ் கோவ் என்ற சிறிய கடற்கரையில் மணலுக்கடியில் நார் நாராகக் கிடைத்தது. இந்தத் தீவில் நான் மதிக்கிற தடயம் இது ஒன்றுதான், ஏனென்றால் பிற்பாடும் எடுத்தார்கள், ஆய்வுக்கு அனுப்பினார்கள். கார்பன் தேதி சுமார் 1200க்கும் 1400க்கும் இடையே என்று வந்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும். அந்தத் தேதி தேங்காய் காய்த்த காலத்தைச் சொல்லும், நார் அந்த மணலுக்கு வந்த காலத்தைச் சொல்லாது. அப்புறம், அந்தக் காலத்தில் அட்லாண்டிக் பக்கம் தென்னையே கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் தென்னை போனது 1500ஐ ஒட்டி, அதற்குப் பிறகு, போர்த்துகீசியர் கப்பல் வழியாக. ஆகவே தேதி சரியென்றால் நார் வெகுதூரம் சுற்றி வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தேதியில் கோளாறு. எப்படியானாலும் உப்புத்தண்ணீருக்கு மசியாத சரக்கு என்பதால் கயிற்றுக்கும், சரக்கு உருளாமல் இடையில் திணிக்கவும் கப்பல்காரர்கள் வைத்திருந்த பொருள்தான் அது. ஏதோ ஒரு கப்பல் அங்கே நாரைக் கொட்டியது. அதுவரை நிஜம். ‘ஆகவே அடியில் தங்கம்’ என்பது நாருக்குத் தெரியாத விஷயம்.

கேள்வி: இறைக்க இறைக்கத் தண்ணீர் வந்ததாம். கடலிலிருந்து சுரங்கம் வெட்டி யாரோ பொறி வைத்திருந்தால்தானே அப்படி வரும்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கடலோரத்தில் கிணறு வெட்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்தத் தீவின் கிழக்குப் பக்கம் அடியில் சுண்ணாம்புக்கல்லும் ஜிப்சம் வகைப் பாறையும் இருக்கின்றன, தண்ணீர் பட்டுப் பட்டுக் கரைந்து பொந்து விழும் பாறை. பொந்தின் கூரை உள்வாங்கினால் மேலே தரை வட்டமாக இறங்கும். மரம் சாய்ந்து விழும், மேலே வண்டல் மூடும், அப்புறம் இன்னொரு மரம். இப்படியே நூறு வருஷம் போனால் மண், கட்டை, மண், கட்டை என்று அடுக்கு தானாகவே கிடைக்கும். 1878இல் அதே தீவில் உழுதுகொண்டிருந்தபோது மாட்டுக்கு அடியில் திடீரெனத் தரை உள்வாங்கிக் குழி விழுந்தது, பணக்குழியிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே. 1949இல் எதிர்க் கரையில் கிணறு வெட்டியவர்கள் மண் இளகிய ஓரிடத்தில் இரண்டடியில் கல் அடுக்கையும் அதன் கீழே அங்கங்கே ஸ்ப்ரூஸ், ஓக் கட்டைகளையும் பார்த்து, இன்னொரு பணக்குழி என்றே நினைத்துவிட்டார்கள்.

1898இல் குழியில் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள், தீவைச் சுற்றி மூன்று இடங்களில் நிறம் வெளியே வந்ததாகப் பதிவு. வாய்க்கால் கட்டிய பொறியாக இருந்தால் ஒரே இடத்தில் அல்லவா வந்திருக்க வேண்டும்? 1995இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தார் போய்ப் பார்த்தார்கள். நிலத்தடி நல்ல தண்ணீரும் கடலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே அந்த வெள்ளம் வரலாம் என்பது அவர்கள் பக்கச் சாய்வு. கரையில் கிடைத்த கல் வடிகால்களை யார் கட்டினார்கள், எதற்கு என்பதில் எனக்கும் ஆர்வம் உண்டு, மீனுக்கு உப்புக் காய்ச்சிய இடமாக இருக்கலாம் என்று சிலர் சொல்வது ஊகம்தான் என்றாலும் பொருத்தமாகப்படுகிறது.

கேள்வி: கடற்கொள்ளையர் கேப்டன் கிட் புதைத்தது என்கிறார்களே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கிட்டின் கதை உங்கள் ஊருக்குப் பக்கம். 1698 ஜனவரியில் கொச்சிக்கு அப்பால் ‘கெடா மெர்ச்சண்ட்’ என்ற கப்பலைப் பிடித்தார், பட்டு, மஸ்லின், சர்க்கரை என்று அடேயப்பா சரக்கு. 1699இல் நியூயார்க் அருகே கார்டினர்ஸ் தீவில் ஒரு பங்கைப் புதைத்ததும் உண்மை. அதே வருஷம் அதிகாரிகள் தோண்டி எடுத்துப் பட்டியல் போட்டு வைத்தார்கள். புதையல் நிஜமாக இருந்தால் தாள் இப்படித்தான் இருக்கும். 1701இல் லண்டனில் தூக்கு. ஓக் தீவுக்கு அவர் வந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை.

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகக் கையெழுத்துப் பிரதி, மேரி அந்துவானெத் நகை, டெம்ப்ளர் வீரர்களின் பொக்கிஷம், இதில் எது? (வாசகர், மதுரை)

பதில்: மூன்றுக்கும் சேர்த்து ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அடுத்த கேள்வி.

கேள்வி: ரூஸ்வெல்ட்டே தோண்டினாராமே? (வாசகர், சென்னை)

பதில்: பிற்பாடு அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்தான், 1909இல் பணம் போட்டார். அப்போது அதிபரும் இல்லை, ஒன்றும் இல்லை, 27 வயசுப் பையன். அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்த கேப்டன் போடோயின் இரண்டு வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில், அங்கே புதையல் என்றைக்குமே இருந்ததில்லை என்று எழுதினார். டிவியில் ரூஸ்வெல்ட் வருவார், இவர் அவ்வளவாக வரமாட்டார்.

கேள்வி: ஏழு பேர் செத்தால்தான் புதையல் வெளியே வரும் என்ற சாபம்? (வாசகர், சேலம்)

பதில்: பூதம் பலி கேட்கும் கதைதான். ஆனால் ஆறு சாவு நிஜம், அதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. 1861இல் பம்பின் பாய்லர் வெடித்து ஒருவர், 1897இல் குழியில் விழுந்து ஒருவர். அப்புறம் ராபர்ட் ரெஸ்டால். இரும்பு உருண்டைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டி வித்தை காட்டியவர், அதை விட்டுவிட்டு 1959இல் குடும்பத்தோடு தீவுக்கு வந்து குடிசை போட்டுத் தங்கித் தோண்டினார். 1965 ஆகஸ்ட் 17 அன்று ஒரு குழிக்குள் விஷவாயுவில் மயங்கி விழுந்தார். காப்பாற்ற மகன் இறங்கினார். அவரைக் காப்பாற்ற இன்னும் இருவர். நான்கு பேரும் வரவில்லை. தூர்வார இறங்கிய கிணற்றில் நம்மூரில் வருஷாவருஷம் நடப்பது, சாபம் எதற்கு.

கேள்வி: நீங்கள் போனால் எங்கே தோண்டுவீர்கள்? (அதே நாமக்கல் வாசகரின் மகன்)

பதில்: தம்பி, முதல் குழி எந்த இடம் என்பதிலேயே இப்போது சண்டை. 1965–66இல் ராபர்ட் டன்ஃபீல்ட் என்பவர் 70 டன் கிரேனைக் கொண்டுவந்து நூறடி அகலம், 134 அடி ஆழம் என்று அள்ளித் தள்ளினார். புதையலும் இல்லை, பழைய கட்டை, பழைய தளம் என்று சரிபார்க்க இருந்ததும் போயிற்று. அந்தக் கிரேனைத் தீவுக்குள் கொண்டுவருவதற்காகக் கரையிலிருந்து ஒரு பாதை கட்டினார், இன்றைக்கு டிவிக்காரர்களின் லாரிகள் போவதும் அதன்மேல்தான்.