மகளுக்கு வந்த சித்திரக்கதை விழா அழைப்பு: காவேரிப்பட்டணத்துத் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் கிருஷ்ணகிரியில் என் அலுவலகத்துக்கு நீங்களும் உங்கள் துணைவியாரும் வந்திருந்தபோது, பிரான்ஸில் நடக்கும் சித்திரக்கதை விழாவுக்கு விருந்தினர் ஓவியராக வரும்படி, கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளுக்கு வந்த அழைப்புக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "இது நிஜந்தானா, போய்வந்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். அன்று நேரமின்றி பாதியில் நிறுத்திய பதிலை இப்போது முழுமையாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோரும் படிக்கக்கூடும் என்பதால் உங்கள் பெயர், மகளின் பெயர், விழாவின் பெயர் மூன்றையும் தவிர்த்திருக்கிறேன்.

கடிதம் நிஜமானதுதான் என்பதை அந்த விழாவின் அதிகாரபூர்வ முகவரிக்கு உங்கள் மகளே எழுதி உறுதிப்படுத்திக்கொண்டார். பொதுவாக ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விருந்தினராக வரும் ஓவியரிடமே பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று பணம் கேட்கும் கடிதம் எதுவாக இருந்தாலும் அதை விருந்தினர் அழைப்பாகக் கொள்ள வேண்டாம்.

படக்கதை வரைவதை நம் பக்கத்தில் இன்னும் சிறுபிள்ளை வேலையாகத்தான் பார்க்கிறோம். ஆனால் 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவைத் தினமும் காலையில் டீக்கடையில் படித்ததையும், 1972இல் சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸை வாங்கக் காசு சேர்த்ததையும் நீங்களே அன்று சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். பிரான்ஸில் அதே கலைக்கு "ஒன்பதாம் கலை" என்று பெயர். அங்கே அங்குலேம் என்ற ஊரில் 1974 முதல் சித்திரக்கதை விழா நடத்தி வந்திருக்கிறார்கள். மக்கள்தொகையில் தருமபுரி நகரத்தைவிடச் சிறிய, பழங்காலத்தில் காகித ஆலைகளுக்குப் பேர்போன ஊர் அது. தெருப் பெயர்ப்பலகைகளையே, கதாபாத்திரங்களின் பேச்சை எழுதும் பேச்சுக்குமிழி வடிவத்தில் செய்து மாட்டியிருக்கிறார்கள். இத்தாலியில் லூக்கா நகரம் 1966இலிருந்தும், ஜெர்மனியில் எர்லாங்கன் நகரம் 1984இலிருந்து இரண்டு ஆண்டுக்கொருமுறையும் இவ்வகை விழாக்களை நடத்துகின்றன. இங்கெல்லாம் பதிப்பாளர்கள், மொழிபெயர்ப்பு உரிமை வாங்குபவர்கள், நூலகர்கள், வாசகர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவதால், மூன்று நான்கு நாளில் ஓர் ஓவியர் சந்திக்கக்கூடிய ஆட்களை இங்கிருந்தபடி சந்திக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அதனால் இந்தப் பயணத்தைச் சுற்றுலாவாகவோ பரிசாகவோ நினைக்காமல், நான்கு நாள் வேலைக்கான நியமன உத்தரவாக நினைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் ஏற்பாடுகள் சரியான திசையில் போகும். போனால் வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில், விழா அரங்கில் யாரும் வேலை உத்தரவைக் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள் என்பதுதான். போவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் எவ்வளவு தயாராகிறார், திரும்பி வந்தபின் சந்தித்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் எழுதுகிறாரா என்பவற்றைப் பொறுத்தே பயன் அமையும்.

தயாரிப்பில் முதலாவது, வாசகருக்கு நேரில் வரைந்து கொடுப்பது. பிரெஞ்சு மொழி பேசும் நாடுகளின் விழாக்களில் வாசகர் நீட்டும் புத்தகத்தில் ஓவியர் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. முதல் பக்கத்தின் வெற்றிடத்தில் கதாபாத்திரம் ஒன்றை அங்கேயே வரைந்து கொடுக்கிறார். அதற்காக மக்கள் வரிசையில் பொறுமையாக நிற்கிறார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பேர்தான். கணினித் திரையில் வரைந்து, பிடிக்காவிட்டால் அழித்துப் பழகிய கை, அழிக்க முடியாத மையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுங்கும். என் அலுவலகத்தில் உங்கள் மகளிடம் ஒரு தாளையும் தூரிகைப் பேனாவையும் கொடுத்து அவருடைய கதையில் வரும் ஆடு மேய்க்கும் பாட்டியை வரையச் சொன்னேன். படம் அருமையாக வந்தது. ஆனால் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. முக்காட்டின் மடிப்புகளில் மட்டும் ஏழு நிமிடம் செலவழித்தார். தினமும் இரவு அரை மணி நேரம், நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், இரண்டு மாதத்தில் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடுவார். இது ஒரு தந்தை செய்யக்கூடிய உதவி, செலவும் இல்லை.

இரண்டாவது, மேடையில் பேசுவது. அழைப்பில் அரை மணி நேர உரையாடல் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் சித்திரக்கதை வரலாறு முழுவதையும் சொல்லப்போவதாக அவர் சொன்னார். அது வேண்டாம் என்பது என் கருத்து. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் நிற்கும் நடுகற்களில் ஒரு வகை, ஒரே கல்லில் மூன்று அடுக்காகச் செதுக்கப்பட்டது. அடி அடுக்கில் வீரன் போரிட்டு மடிகிறான், நடு அடுக்கில் தேவமகளிர் அவனை ஏந்திச் செல்கிறார்கள், மேலடுக்கில் அவன் மேலுலகத்தில் இருக்கிறான். கட்டங்களாகப் பிரித்து, ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைந்து, கீழிருந்து மேலாகப் படிக்க வைக்கும் படக்கதை அல்லவா அது? இடமிருந்து வலமாகவோ, மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை போல வலமிருந்து இடமாகவோ மட்டுமே பக்கத்தைப் படித்துப் பழகியவர்களுக்கு முன்னால், சொந்த ஊரின் கல்லை எடுத்துக்காட்டாக வைத்துப் பேச இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போய் நடுகற்களை உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள்.

இங்கே பஜ்ஜு ஷ்யாம் என்ற கோண்டு ஓவியரை நினைவுகூர விரும்புகிறேன். மத்தியப் பிரதேசக் கிராமம் ஒன்றில் பிறந்து, லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டப் போனவர், அந்த நகரத்தைத் தம் பழங்குடி ஓவிய மரபிலேயே வரைந்து கொண்டுவந்தார். மணிக்கூண்டும், ஊரில் பொழுதைச் சொல்லும் சேவலும் ஒரே உருவமாக இணைந்த படம் அதில் இருக்கிறது. சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் அதை நூலாக்கியது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அந்நிய ஊரைத் தம் கண்ணால் பார்த்ததுதான் அவருடைய பலம். உங்கள் மகளும் அங்கே போய் அங்குள்ளவர்களைப் போல வரைய முயல வேண்டியதில்லை.

இனி காகித வேலைகள். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவருக்கு அழைப்புக் கடிதம் அவருடைய புனைபெயரில் வந்தது. பாஸ்போர்ட்டில் இருந்ததோ தந்தை பெயரோடு விரித்து எழுதிய முழுப்பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று விளங்கவைத்து, திருத்திய கடிதம் வாங்குவதற்குள் விசாவுக்கான நாள் தீர்ந்துவிட்டது. நானும் அன்று அந்தப் பெயரைக் கவனிக்கத் தவறினேன் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. இனிஷியல் எழுதும் நம் வழக்கம் வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளின்படியே அழைப்புக் கடிதம், டிக்கெட், காப்பீடு மூன்றிலும் பெயர் இருக்க வேண்டும். புனைபெயர் வேண்டுமானால் அதன் பக்கத்தில் வரலாம்.

பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளுக்கான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவு வழக்கமாகப் பதினைந்து நாளில் வரும், சில சமயம் நாற்பத்தைந்து நாள்வரை இழுக்கும். திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கைரேகை பதிவு செய்ய அவர் நேரில் போக வேண்டும். ஜனவரி இறுதியில் விழா என்பதால் அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கல்லூரி முதல்வரிடம் விடுப்புக்கும் ஆட்சேபணையின்மைக்கும் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால், படிப்பை முடிக்கத் திரும்பி வருவார் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

செலவைப் பற்றி விழாக்குழுவிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நீங்கள் தயங்கினீர்கள். அப்படியில்லை, கேட்காமலிருப்பதுதான் தவறு. விமான டிக்கெட்டை அவர்களே எடுப்பார்களா அல்லது நாம் எடுத்து ரசீது அனுப்ப வேண்டுமா, தங்குமிடம் எத்தனை இரவுக்கு, நாட்படி எவ்வளவு, உரைக்குச் சன்மானம் உண்டா, மொழிபெயர்ப்பாளர் இருப்பாரா, இவை அனைத்தும் எழுத்தில் வர வேண்டும். ரசீது அனுப்பிப் பணம் பெறும் முறை என்றால் பெருந்தொகை சில மாதம் முடங்கும். மாணவர் என்பதைச் சொல்லி டிக்கெட்டை நேரடியாக எடுத்துத் தரும்படி கேட்டால் பெரும்பாலும் இசைவார்கள். மூல ஓவியங்களை எடுத்துப்போக வேண்டாம். உயர்தரமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் அவர்களே அச்சிட்டுக் கண்காட்சியில் வைப்பார்கள். பேச்சுக்குமிழியின் எழுத்துகளைப் படத்திலிருந்து பிரித்துக் கணினிக் கோப்பில் தனி அடுக்கில் (லேயர்) வைத்திருந்தால்தான் மொழிபெயர்ப்பு எளிது.

நான் மிகவும் கவலைப்படும் இடம் உரிமை ஒப்பந்தம். அங்கே ஒரு பதிப்பாளர் கதையைப் பிடித்துப்போய் காகிதத்தை நீட்டினால், அந்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. நீங்கள் மாந்தோப்பு வைத்திருப்பவர், உங்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பருவத்து மகசூலைக் குத்தகைக்கு விடுவது வேறு, நிலத்தையே கிரயம் செய்து கொடுப்பது வேறு. எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு, அச்சுக்கு மட்டுமா அல்லது திரைப்படத்துக்கும் சேர்த்தா என்று தனித்தனியாக எழுதிக் கொடுப்பது குத்தகை. "எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்" என்று இருந்தால் அது கிரயப் பத்திரம். நம் நாட்டு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தை ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாததை இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்கிறது. ஆனால் வெளிநாட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் அவர்கள் நாட்டுச் சட்டத்தின்படி எழுதப்படும் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. "ஊருக்குப் போய்ப் படித்துவிட்டு ஒரு மாதத்தில் பதில் தருகிறேன்" என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடமாகவே சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள் துணைவியார் அன்று பேசவே இல்லை. எழுந்து போகும்போது மட்டும், "தனியா அனுப்பறதுக்கு மனசு வரலைங்க சார்" என்றார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். பெங்களூரிலிருந்து பாரிஸுக்கு நேர் விமானம் இருப்பதால் நடுவழியில் விமானம் மாற வேண்டியதில்லை. இறங்குமிடத்தில் யார் காத்திருப்பார், அவருடைய தொலைபேசி எண் என்ன, பிறகு ரயிலில் யார் கூட வருவார் என்பதை விழாக்குழுவிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். உறவினர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினால் அவருக்குத் தனி விசா, தனிச் செலவு. விழாக்குழு அதை ஏற்காது. இருபத்தோரு வயதில், ஐந்தாண்டு விடுதியில் தங்கிப் படித்த பெண் இதைச் சமாளிப்பார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. குளிர் மட்டும் நம் ஓசூர்க் குளிர் அன்று. நல்ல கம்பளிக் கோட்டும் நனையாத காலணியும் வாங்கிவிடுங்கள்.

பட்டப்படிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். சித்திரக்கதையை மட்டும் நம்பித் தமிழில் குடும்பம் நடத்துவது இன்று கடினம். குழந்தைகள் நூல்களுக்கு ஓவியம், பாடநூல் படங்கள், அனிமேஷன் நிறுவனங்களின் காட்சிப் பலகை (ஸ்டோரிபோர்டு), விளையாட்டுச் செயலிகளுக்கான உருவ வடிவமைப்பு ஆகியவற்றில் சம்பளமுள்ள வேலை இருக்கிறது. அவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த விழா ஒரு நல்ல வரி. மேற்படிப்புக்கு ஐஐடி பம்பாயின் வடிவமைப்புப் பள்ளியும், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் கருதத்தக்கவை. முன்னதற்கு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

வரும் சனிக்கிழமை முற்பகலில் பாஸ்போர்ட், அழைப்புக் கடிதம், கல்லூரி அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். விழாக்குழுவுக்கு அனுப்ப வேண்டிய கேள்விகளை அவர் கையாலேயே எழுத வைத்து அன்றே அனுப்பிவிடுவோம். அம்மாவையும் கண்டிப்பாக அழைத்து வாருங்கள். வரவேற்பு ஏற்பாடு பற்றிய கேள்வியை அவர்தான் சொல்ல வேண்டும்.