கால் எட்டுமா, கை தாங்குமா? – வண்டி கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 64. உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 62 கிலோ. போடிக்கு மேலே ஏலத்தோட்டம் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் 6 கிலோமீட்டர் மண்ணும் கல்லும்தான். இத்தனை வருடம் ஸ்பிளெண்டரில் போய் வந்தேன், இப்போது மழை நாளில் வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கிறது, முன் சக்கரம் வழுக்குகிறது. மகன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வாங்கித் தருகிறேன் என்கிறான். பக்கத்துத் தோட்டக்காரர் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் போதும் என்கிறார். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. எதை வாங்கலாம் சார்?
– பெயர் வேண்டாம், போடிநாயக்கனூர்

பதில்: மகன் ஆசையாகக் கேட்கும்போது குறுக்கே விழுகிறேனே என்று எனக்கே சங்கடம்தான். ஆனாலும் ஹிமாலயன் 450 உங்களுக்கு வேண்டாம் சார். வண்டியில் குறையே கிடையாது. சீட் உயரம் 825 மி.மீ., அதைவிடத் தாழ்வான சீட்டும் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டால் 805. பிரச்சினை எடை: 196 கிலோ. உங்கள் ஸ்பிளெண்டர் 112. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது, நின்றால்தான் தெரியும். ஏலக்காய் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாயங்காலம் தூறலில், எதிரே ஜீப் வந்து நீங்கள் சரிவில் வண்டியை இரண்டடி பின்னால் தள்ள வேண்டிய அந்த ஒரு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். ஷோரூமின் டைல்ஸ் தரையில் உட்கார்ந்து பார்த்து வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த நிமிடத்தை மறந்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள், நானும் ஒருமுறை அப்படி வாங்கியவன்தான்.

சரி, சீட் உயரத்துக்கு வருவோம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு சாய்த்து நின்று, ஒரு தடிமனான நோட்டைத் தொடை இடுக்கில் இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பு சுவரில் எங்கே படுகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரைதான் உங்கள் கால் அளவு. உங்கள் உயரத்துக்கு 72 செ.மீ. பக்கம் வரும். 825 என்றால் அதைவிடப் பத்து செ.மீ. அதிகம் என்று பயந்துவிட வேண்டாம். நீங்கள் உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் இரண்டு, மூன்று செ.மீ. அமுங்கும், ஷூவின் அடிப்பாகம் இரண்டு, மூன்று செ.மீ. கொடுக்கும். மீதியைத் தீர்மானிப்பது சீட்டின் அகலம். அகலமான சீட் தொடையை விரித்துவிடும், கால் எட்டாது. அதனால்தான் காகிதத்தில் ஒரே உயரம் போட்டிருக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றில் பாதம் பதியும், இன்னொன்றில் நுனிவிரல்தான் தொடும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதுதான் சரி: எக்ஸ்பல்ஸ் 200 4வி. அதே 825தான், ஆனால் எடை 160 கிலோவுக்குள், சீட்டின் முன்பக்கம் ஒல்லி, ஷாக் மெத்தென்று இறங்கும். முன்னால் 21 அங்குலச் சக்கரம் என்பதால் கல்லின் மேல் உருண்டு ஏறிவிடும். தரைக்கும் வண்டி அடிக்கும் இடைவெளி 220 மி.மீ., ஸ்பிளெண்டரில் 165. அதே பெயரில் 'புரோ' என்று ஒன்று இருக்கிறது, அதன் சீட் 891. கடைக்காரர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். எக்ஸ்பல்ஸ் 200டி என்ற அண்ணன் தம்பி மாடல் இப்போது புதிதாக வருவதில்லை, பழையது கிடைத்தாலும் சீட் 799தான், கால் நன்றாக எட்டும், ஆனால் தரை இடைவெளி 178 மட்டும். நீங்கள் வண்டி மாற்றுவதே அடி இடிக்கிறது என்பதற்காக, அப்புறம் அதில் என்ன லாபம்? ராயல் என்ஃபீல்டின் ஸ்கிராம் 411 பழசாகக் கிடைக்கும் என்றும் சிலர் சொல்வார்கள், அதுவும் இப்போது புதிதாக வருவதில்லை. சீட் 795, ஆனால் எடை 185 கிலோ பக்கம். மறுபடி அதே கதை.

முழங்கால் விஷயம் ஒன்று. மேட்டில் நிற்கும்போது வலது கால் பின் பிரேக்கில் இருக்க வேண்டும், வண்டியின் பாரத்தைத் தாங்குவது இடது கால். தேய்மானம் உங்களுக்கு வலதில் என்பது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, இடதில் என்றால் எக்ஸ்பல்ஸ் கூட வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் ஏறும்போது வலது காலைத்தான் தூக்கிப் போட வேண்டும், மூட்டை கட்டியிருந்தால் இன்னும் உயரத் தூக்க வேண்டும். மூட்டையைக் குறுக்கே கட்டாமல் இரண்டு பக்கமும் தொங்கும்படி தாழ்வாகக் கட்டுங்கள். வழியில் கால் ஊன்றி நிற்கும்போது இடது பக்கம் தரை மேடாக இருக்கும்படி பார்த்து நில்லுங்கள். இரண்டு காலும் பதிய வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி ஒரு பாதத்தை முழுசாகப் பதித்தால் போதும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. உங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத்துப் பாதையில் மூட்டையோடு ஏறுகிற டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். எடை 90 கிலோவை ஒட்டி, கிளட்சும் கிடையாது கியரும் கிடையாது, விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கலாம். கௌரவம் குறுக்கே வராது என்றால் மழை இல்லாத மாதங்களுக்கு அதுவே போதும்.

கேள்வி: அப்பாவின் எக்ஸ்பல்ஸ் உயரத்தைக் குறைக்க, சீட்டை வெட்டலாம் என்கிறார் ஒருவர், பின் ஷாக் அப்சார்பரை இணைக்கும் லிங்க் என்ற பாகத்தை மாற்றலாம் என்கிறார் இன்னொருவர். எது நல்லது?
– வாசகி, வால்பாறை

பதில்: முதலில் சீட். உயரத்தை வெட்டுவதற்கு முன்னால் பக்கவாட்டில் செதுக்கச் சொல்லுங்கள், அதிலேயே கால் நிறைய இறங்கும். உயரத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் எடுத்தால் குஷன் போய் இடுப்பு வலி வரும், அந்த வயதில் அது கால் எட்டாததைவிட மோசம். லிங்க் மாற்றினால் பின்பக்கம் மட்டும் தாழும், அதற்கு ஈடாக முன் ஃபோர்க்கையும், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் குழாய்களையும், கிளாம்பில் மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஹேண்டில் திருப்புவது மந்தமாகிவிடும். அடி இடைவெளியும் குறையும். முக்கியமாக சைடு ஸ்டாண்டு. வண்டி தாழ்ந்ததும் அது நீளமாகிவிடுகிறது, வண்டி சாயாமல் நெட்டுக்குத்தலாக நிற்கும். என் நண்பர் ஒருவருக்கு மெக்கானிக் லிங்கை மாற்றிக் கொடுத்தார், ஸ்டாண்டை வெட்ட மறந்துவிட்டார். டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டு இவர் டீயை வாங்கித் திரும்புவதற்குள் வண்டி வலது பக்கமாகப் படுத்துவிட்டது.

விழுந்த வண்டியைத் தூக்குவதையும் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். குனிந்து இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஆள் இருந்தால் கூப்பிடுவதில் வெட்கமே வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன், 61 வயது, குள்ளம். இங்கே என்ன பார்க்கலாம்?
– ஹூஸ்டன்

பதில்: யமஹா டிடபிள்யூ 200. 1987இலிருந்து அதிகம் மாறாமல் வருகிறது, இன்னும் கார்புரேட்டர்தான். சீட் 790 மி.மீ. பக்கம், எடை 126 கிலோ, குண்டு டயர். மண்ணிலும் மணலிலும் குழந்தை மாதிரி போகும், ஹைவேயில் மட்டும் பாவமாக இருக்கும். ரோட்டிலும் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால் அதே கம்பெனியின் எக்ஸ்டி 250 பாருங்கள், சீட் 810 தான்.

கேள்வி: லைசென்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வயது 64. புதுப்பிக்க முடியுமா?
– திண்டுக்கல்

பதில்: முடியும். 55 வயதுக்கு மேல் ஐந்தைந்து வருடமாகத்தான் தருவார்கள், டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ வேண்டும். முடிந்த தேதியிலிருந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்ட். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, இந்த வாரமே போய்விடுங்கள். ஆர்டிஓ மைதானத்தில் பேரன் வயசுப் பையன்களோடு வரிசையில் நின்று எட்டு போட வேண்டாம்.