மம்மிக்கு வியர்க்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாராவாரம் கூடிப் படிக்கும் வாசகர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொடர்கதை எழுதுகிறார்கள். காலம் 1960. துண்டாடலுக்கு, அதாவது துண்டு துண்டாகப் பிரித்து விற்க, விலை பேசிவிட்ட ஒரு ரப்பர் தோட்டம். துரை பங்களாவின் பின்னறையில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் எகிப்திய மம்மி. அவன் கண் விழிக்கிறான், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் மகளிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும் இதோ.

கேள்வி: எகிப்து மம்மி பேராக் தோட்டத்துக்கு எப்படி வரும்? படிப்பவர்கள் சிரித்துவிட மாட்டார்களா?

வழியைச் சொல்லிவிட்டால் சிரிக்க மாட்டார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இங்கிலாந்திலிருந்து மலாயா வந்த கப்பல்கள் போர்ட் சைட்டில் நின்று நிலக்கரி ஏற்றிக்கொண்டுதான் வரும். அந்தக் காலத்து எகிப்தில் பழம்பொருள் வியாபாரம் சட்டப்படியே நடந்தது. கெய்ரோ அருங்காட்சியகத்துக்கு உள்ளேயே ஒரு விற்பனை அறை 1979 வரை இருந்தது. வியாபாரத்துக்கு முழுத் தடை 1983-இல்தான் வந்தது. ஆகவே ரப்பர் விலை எகிறிக் கிடந்த 1910 வாக்கில் ஒரு துரை மம்மி வாங்கினார் என்று எழுதலாம். பினாங்கில் கப்பல், அக்கரையில் பிறை (Prai) ஊரில் ரயில், சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் மாட்டு வண்டி. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அது போன பிறகு ஆளை இருவர் சுலபமாகத் தூக்கலாம். கனமெல்லாம் பெட்டிதான்.

ஒரு திருத்தம். உங்கள் நாயகன் பார்வோன் வேண்டாம். வியாபாரி கையில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பூசாரிகள், கணக்கெழுதியவர்கள். கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவில் தானியக் கணக்குப் பார்த்த ஒரு கிராணி என்று வையுங்கள். லயத்து மக்களுக்கு கிராணியைத் தெரியும், எப்படிப் பேசுவான் என்றும் தெரியும்.

கேள்வி: நம் ஊர் ஈரத்தில் மம்மி அழுகிவிடாதா?

உங்கள் கதையின் பாதிச் சிக்கல் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாக.

மம்மியைக் காய வைப்பது நேட்ரான் என்னும் உப்பு. கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நேட்ரூன் ஏரிகளில் படிவது. சலவைச் சோடா, ஆப்பச் சோடா, சாதாரண உப்பு, கொஞ்சம் சல்பேட் எல்லாம் கலந்தது. குடலை எடுத்த உடலை இந்த உப்பின்மேல் கிடத்தி, மேலேயும் கொட்டி, ஏறக்குறைய 40 நாள் மூடி வைப்பார்கள். கையளவு தூவினால் போதாது. 1994-இல் அமெரிக்காவில் பாப் பிரையர், ரான் வேட் என்னும் ஆய்வாளர்கள் பழைய முறையிலேயே ஒரு உடலைப் பதப்படுத்திப் பார்த்தபோது கால் டன்னுக்கு மேல் உப்புத் தேவைப்பட்டது.

அந்த உப்பு முழுதும் உடலை விட்டுப் போவதில்லை. தோலிலும் துணியிலும் தங்கிவிடும். காற்றில் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீர்த்துவிடும், மழைக்காலத்தில் உங்கள் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் போல. சுங்கை சிப்புட்டில் விடியற்காலை ஈரம் 90-ஐத் தொடும். ஆக, பெட்டியைத் திறந்த மறுநாள் காலையில் மம்மியின் கழுத்தோரம் முத்து முத்தாக நீர் நிற்கும். டிரஸ்ஸர் மகள் அதை வியர்வை என்று நினைக்கிறாள். உயிர் வந்துவிட்டதோ என்று அவள் முதலில் சந்தேகப்படும் இடம் அதுவாக இருக்கட்டும்.

அடுத்து வருவது பூஞ்சை. பார்வோன் இரண்டாம் ராம்சேஸின் மம்மியையே பூஞ்சைக்கு வைத்தியம் பார்க்க 1976-இல் பாரிசுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள், காமா கதிர் காட்டித்தான் அடங்கியது. உங்கள் நாயகிக்கு காமா கதிர் கிடையாது, புகைக்கூடம் இருக்கிறது. ரப்பர் ஷீட் தொங்கும் மூங்கில் கழிகளுக்கு இடையே அவனை நான்கைந்து நாள் ஒளித்து வைக்கலாம். சூடும் காப்பு, புகையும் காப்பு. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். மம்மிக்குப் பூசிய கலவையில் தேன்மெழுகு இருக்கும், அது 62 டிகிரி வாக்கில் உருகிவிடும். உருகி மறுபடி இறுகினால் துணியும் தோலும் ஒன்றாகிவிடும், பிரிக்க முடியாது. இரவில் விறகு தள்ளுகிறவர் தூங்கிவிட்டு, விழித்ததும் பதற்றத்தில் கூடுதலாக விறகு வைக்கிறார் என்று ஒரு அத்தியாயம் எழுதலாமே.

கேள்வி: சாம்பிராணிப் புகையில் அவன் கண் விழிப்பதாக எழுதியிருக்கிறோம். சரியா?

அழகாக இருக்கிறது, ஆனால் பிசின் மாறிவிட்டது. சக்காராவில் 2016-இல் ஒரு பதப்படுத்தும் பட்டறை கிடைத்தது, 26-ஆம் வம்சத்துக் காலம், அதாவது கி.மு. 664-க்கும் 525-க்கும் இடையில். அங்கிருந்த பானைகள் மேலேயே எது எதற்கு என்று எழுதியிருந்தது, சிலவற்றில் தலைக்குப் பூச வேண்டியது என்று. 31 பானைகளின் உட்படிவைச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். தேவதாரு எண்ணெய், தேன்மெழுகு, மிருகக் கொழுப்பு இவற்றோடு டாமாரும் இருந்தது. தென்கிழக்காசியக் காட்டு மரத்தின் பிசின் அது. நம் ஊர் மெராந்தி வகை மரங்களில் வடிவது. தமிழில் குங்கிலியம் என்போமே, அந்தச் சாதி.

அவனை 26-ஆம் வம்சத்து ஆளாக்குங்கள், கதை தானாக உட்கார்ந்துவிடும். 2,500 ஆண்டுக்கு முன் இந்தப் பக்கத்துக் காட்டுப் பிசினைத் தலையில் பூசிக்கொண்டு போனவன், அதே மணத்தில் கண் விழிக்கிறான். உள்காட்டிலிருந்து பூர்வகுடி ஒராங் அஸ்லிக்காரர் கொண்டுவந்து தந்த டாமாரைத் தணலில் போடச் சொல்லுங்கள். முதலில் எலுமிச்சை கலந்த மாதிரி ஒரு மணம், பிறகு கறுப்பான புகை. சாம்பிராணி இனிப்பாகப் புகையும். இரண்டையும் மோந்து பார்த்துவிட்டு அந்தப் பத்தியை எழுதுங்கள்.

கேள்வி: மூளையை மூக்கு வழியாக எடுத்துவிடுவார்களாமே. அப்புறம் எதைக் கொண்டு காதலிப்பான்?

எகிப்தியரைக் கேட்டால் மூளை எதற்கென்று திருப்பிக் கேட்பார்கள். நினைப்பதும் ஆசைப்படுவதும் நெஞ்சு. அவர்கள் மொழியில் ‘இப்’. அதை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டு வைப்பார்கள். மறுமைத் தீர்ப்பில் அந்த நெஞ்சையே தராசில் இறகுக்கு எதிராக வைத்து நிறுப்பார்கள். எனக்கெதிராகச் சாட்சி சொல்லாதே என்று செத்தவன் தன் நெஞ்சையே கெஞ்சும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் வெட்டி மார்மேல் வைப்பார்கள். சங்கப் பாட்டுத் தலைவனும் ‘நெஞ்சே’ என்றுதானே தனக்குத்தானே பேசிக்கொள்கிறான்! நாயகனின் தனிமொழியை அந்தப் பாணியில் எழுதினால் தமிழ் வாசகருக்குப் புதிதாகவே இருக்காது.

தொல்லை நுரையீரலில். அது உடலில் இல்லை, குரங்குத் தலை மூடி போட்ட ஜாடியில் இருக்கிறது. கல்லீரலுக்கு மனிதத் தலை, இரைப்பைக்கு நரித் தலை, குடலுக்குப் பருந்துத் தலை. குரங்கு ஜாடி பக்கத்தில் இல்லாமல் அவன் பேசினால் நாங்கள் நம்ப மாட்டோம். துண்டாடல் புரோக்கர் அந்த ஜாடியைப் பூச்சாடி என்று எடுத்துப்போய்விட்டதாக வையுங்கள். கர்நாக் கோயில் பூசாரி நெஸ்யாமூனின் தொண்டைக்குழாயை 2020-இல் முப்பரிமாண அச்சில் செய்து ஊதிப் பார்த்தார்கள். வந்தது ஒரே ஒரு சிறு உயிரொலி. உங்கள் ஆளும் முதல் மூன்று வாரம் அவ்வளவுதான் பேசலாம்.

கேள்வி: பால்வெட்டுக் கத்தியால் வாயைத் தொட்டு எழுப்பலாமா?

வாய் திறக்கும் சடங்கு எகிப்தில் உண்மையிலேயே உண்டு. கல்லறை வாசலில் மம்மியை நிற்க வைத்து, வாயையும் கண்ணையும் ஒரு கருவியால் தொடுவார்கள். அந்தக் கருவி தச்சர் கையில் இருக்கும் வாய்ச்சியைப் போன்றது. பேரிலேயே வாய் இருக்கிறது, இதை விட்டுவிட்டுக் கத்திக்கு ஏன் போக வேண்டும்? தோட்டத்துத் தச்சரிடம் இரவல் வாங்கட்டும்.

கேள்வி: கை பிடிக்கும் காட்சி, முத்தக் காட்சி எல்லாம் எப்படி?

விரல்களைத் தனித்தனியாகத் துணி சுற்றியிருப்பார்கள், ஆகவே கை பிடிப்பது முடியும். ஆனால் தோல் சுள்ளி மாதிரி, மடக்கினால் ஒடியும். இதற்கு நிஜமான வழி ஒன்று உண்டு. கெய்ரோவில் மம்மித் திசுக்களை ஆராய்ந்த ஆர்மாண்ட் ரஃபர் 1900-களின் தொடக்கத்தில் ஒரு கரைசல் வைத்திருந்தார்: தண்ணீர் 50 பங்கு, ஆல்கஹால் 30 பங்கு, 5 சதவீதச் சலவைச் சோடாக் கரைசல் 20 பங்கு. டிரஸ்ஸர் அலமாரியில் ஸ்பிரிட் இருக்கிறது, சோடா சலவைத் தொட்டியில் இருக்கிறது. அவனை உலர்த்திய அதே சோடா இப்போது அவனை இளக்குகிறது!

ஒரு நேரத்தில் ஒரு விரல் போதும். ரஃபர் ஊற வைத்தது சிறு துண்டுகளைத்தான். அளவுக்கு மீறி ஊறினால் சதை குழைந்து கையோடு வரும். சுண்டுவிரலில் அந்தத் தவறு நடக்கட்டும், அவள் அழட்டும்.

முத்தத்துக்கு அவசரப்படாதீர்கள். அவர்கள் ரொட்டியில் மணல் கலந்திருக்கும், பல்லெல்லாம் தேய்ந்து வேரில் சீழ் வைத்தவர்கள் ஏராளம். அவனுக்குப் பல்வலி இன்னும் நினைவிருக்கும்.

கேள்வி: அவன் என்ன மொழி பேசுவான்? அவளை எப்படிக் கூப்பிடுவான்?

26-ஆம் வம்சத்து ஆள் பேசுவது டெமோட்டிக் காலத்து எகிப்திய மொழி. எழுத்தில் உயிரெழுத்து கிடையாது, அதனால் அவன் பெயரை நீங்கள் எப்படி எழுதினாலும் சண்டைக்கு வர ஆளில்லை. பூனைக்கு ‘மியூ’ என்பார்கள். இருவருக்கும் புரியும் முதல் சொல்லாக அதை வைக்கலாம்.

இனி ஒரு கண்ணிவெடி. எகிப்தியக் காதல் பாட்டுகளில் காதலன் காதலியைச் சகோதரி என்றுதான் அழைப்பான், ‘செனெத்’. அவளும் அவனை அண்ணன் என்பாள். நேராக மொழிபெயர்த்தால் ‘தங்கச்சி’ ஆகிவிடும், காதல் அங்கேயே முடிந்தது. அவளும் பயத்தில் ‘அண்ணே’ என்று கூப்பிடுவாள், தோட்டத்துப் பெண் வேறெப்படிக் கூப்பிடுவாள்? அவன் பூரித்துப்போவான், அவளுக்கு ஏனென்று புரியாது. குறைந்தது இரண்டு அத்தியாயத்துக்கு இதை இழுக்கலாம்.

கேள்வி: சாபம் வேண்டாமா?

வேண்டாம். துத்தங்காமன் கல்லறையைத் திறந்த ஹோவார்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார். சாபம் தின்றதாகச் சொல்லும் கார்னார்வன் பிரபு 1923-இல் இறந்தது கொசுக்கடி சீழ்ப்பிடித்து. அதற்குப் பதில் படையலை வையுங்கள். செத்தவரின் ‘கா’ என்னும் உயிராற்றலுக்கு ரொட்டியும் பீரும் வேண்டும், பெயரைச் சொல்லிப் படைக்க வேண்டும். உங்கள் கதை நடப்பது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க மலாயாவில் அறிவித்த அவசரகாலம் முடியாத மாதங்களில். அவசரகாலத்தில் தோட்டத்து கேட்டில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததுண்டு, 1960-இலும் உங்கள் பக்கம் அது இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் இருப்பவனுக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று அவளைப் பிடிக்க, கறுப்பு மந்திரமே தேவையில்லை.

கேள்வி: எத்தனை வாரத் தொடராக எழுதுவது?

பத்து. பதப்படுத்த ஆகும் மொத்த நாள் 70. அது சிரியஸ் நட்சத்திரம் வானில் தெரியாமல் போகும் நாள் கணக்கு. நேட்ரானுக்கு 40, மீதி எண்ணெய்க்கும் பிசினுக்கும் துணிச் சுற்றுக்கும். உங்கள் கதையில் அது தலைகீழாக ஓடட்டும்: முதல் நான்கு வாரம் துணி பிரிவது, அடுத்த ஆறு வாரம் ஈரம் ஏறுவது.

அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31, ஞாயிறு. அதை எழுபதாம் நாளாக வைத்துப் பின்னோக்கி எண்ணினால் முதல் நாள் மே 23, திங்கட்கிழமை. சரியாகப் பத்து வாரம். ஜூலைக் கடைசியில் விடியுமுன் கிழக்கே சிரியஸ் நன்றாகத் தெரியும், ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பும் நேரம். ஞாயிறு என்பதால் அன்று பெரட்டு உண்டா இல்லையா என்பதை மட்டும் உங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.