மகனின் கடிதத்தை முந்திவிடும் பட்டியல்

கேள்வி: கிரீமியப் போர்க் காலத்தில் (1853–56, பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து ரஷ்யாவோடு மோதியது) நடக்கும் நாவல் ஒன்று எழுதுகிறேன். இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் இளைய மகன், குதிரைப்படை அதிகாரி, கிரீமியாவின் துறைமுக ஊரான பாலக்லாவாவில் நடந்த சண்டையில் சாகிறான். மறுநாளே மாளிகைக்குத் தந்தி வருகிறது. இது சரியா? வீட்டிலிருந்து அவனுக்கு என்னவெல்லாம் போயிருக்கும்?

பதில்: முதலில் அந்தத் தந்தியை எடுத்துவிடுங்கள். பாலக்லாவா சண்டை நடந்தது 1854 அக்டோபர் 25. கருங்கடலுக்கு அடியில் பாலக்லாவா வரை தந்திக் கம்பி இழுத்ததே 1855 ஏப்ரலில்தான். அதுவும் அரசாங்கக் காரியத்துக்கு. பெற்றவர்கள் நலம் விசாரிப்பதற்கு அல்ல.

பிரிட்டிஷ் படைத் தளபதி ராக்லன் பிரபுவின் அறிக்கை, அரசிதழான லண்டன் கெஜட்டின் சிறப்பு இதழாக வெளிவந்தது நவம்பர் 12. டைம்ஸ் நிருபர் ரஸ்ஸல் எழுதிய வர்ணனை அச்சானது நவம்பர் 14. ஆக, மகன் செத்துப் பதினெட்டு நாள் வரை அந்தத் தாய் அவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கலாம். அப்புறம் ஒரு காலை, செய்தித்தாளில் அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். ரஸ்ஸலின் கட்டுரைக்கே இருபது நாள் ஆனது என்றால், மகன் 24ஆம் தேதி இரவு எழுதிப்போட்ட கடிதமும் ஏறக்குறைய அதே வாரம்தான் வீடு சேரும். பட்டியல் திங்கட்கிழமை, கடிதம் வியாழக்கிழமை என்று வையுங்கள். உங்கள் தந்திக் காட்சியைவிட இது பல மடங்கு கனமானது.

இடையில் வதந்திக்கும் இடம் கொடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில், முற்றுகையின் இலக்கான ரஷ்யக் கோட்டைத் துறைமுகம் செவஸ்டபோல் விழுந்துவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தி வந்து லண்டனே குதூகலித்தது. அது உண்மையில் விழ இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

பிரபுக் குடும்பத்துக்கு இருந்த உண்மையான வசதி, ஆள் பழக்கம். படைத் தலைமையகமே பாதி சொந்தக்காரர்களின் வீடு மாதிரி. பாலக்லாவாவுக்கு முந்தின மாதம் ஆல்மா ஆற்றங்கரைச் சண்டையில் கிடைத்த வெற்றிச் செய்தியை லண்டனுக்குக் கொண்டுபோன பர்கர்ஷ் பிரபு, ராக்லனின் மனைவி வழி உறவு. குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு அவர் மகனே நேரடி உதவி அதிகாரி. அவருக்குக் கீழிருந்த கார்டிகன் அவருடைய மைத்துனர். இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச ஆகாது என்பது வேறு கதை. ஆகவே உங்கள் சீமாட்டி போர் அமைச்சகத்துக்கு மனுப் போடமாட்டாள். தலைமையகத்தில் மருமகன் இருக்கும் இன்னொரு சீமாட்டி வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போவாள். வந்த கடிதங்களைக் கையால் நகலெடுத்து அத்தை, சித்தப்பா வீடுகளுக்கு அனுப்புவார்கள். சிலது பத்திரிகையிலேயே வந்துவிடும்.

பணத்துக்கு வருவோம். குதிரைப்படையில் கடைசிப் படி அதிகாரியான கார்னெட் பதவியின் விலை 840 பவுன். ஆமாம், விலைக்கு வாங்கும் பதவிதான். நாள் சம்பளம் 8 ஷில்லிங். கணக்குப் போட்டால், கொடுத்த முதலை எடுக்கவே ஆறு வருஷம் நெருங்கிவிடும். சாப்பாடு, குதிரை, சீருடை தனி. அப்பா வருஷாவருஷம் படியளக்காவிட்டால் பையனால் அந்த ரெஜிமென்ட்டில் தலைகாட்ட முடியாது. அந்தப் பணம் காக்ஸ் கம்பெனி போன்ற ராணுவ ஏஜென்ட் வழியாகப் போகும்.

பார்சல் என்றால் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடைக் கூடையைத் தாராளமாக எழுதலாம். ஆனால் பெட்டி துறைமுகத்துக்கு வந்ததும் கதை முடியவில்லை. பாலக்லாவாவிலிருந்து முகாம் சில மைல் மேட்டில். அந்தக் குளிர்காலத்தில் பாதை முழுக்க முழங்கால் சேறு, இழுக்கக் குதிரை இல்லை. ரயில் பாதை வந்ததே 1855 வசந்தத்தில். கார்டிகனுக்கு மட்டும் கவலையில்லை. துறைமுகத்தில் நின்ற சொந்த உல்லாசப் படகிலேயே தூங்கினார்.

கடைசியாக, இறந்தவனின் உடைமைகள். சட்டை, பூட்ஸ், சேணம் எல்லாம் முகாமிலேயே சக அதிகாரிகளிடையே ஏலம் போகும். குளிருக்குத் தவித்தவர்கள் நல்ல விலைக்கே எடுத்தார்கள். அம்மா அனுப்பிய கம்பளிக் கோட்டை வேறொரு பையன் போட்டுக்கொண்டு திரிவான். வீட்டுக்கு வருவது வாள், சங்கிலி கோத்த பைக்கடிகாரம் (கைக்கடிகாரம் அல்ல), கொஞ்சம் தலைமுடி, மேலதிகாரி எழுதிய ஒரு கடிதம். அம்மா ஒரு வருஷம் கறுப்புடை உடுத்துவாள். அவள் கடிதத் தாளுக்கும் கறுப்புக் கரை. பதவிக்குக் கொடுத்த 840 பவுன் பொதுவாகத் திரும்பாது. விற்க ஆள் உயிரோடு இருக்கவேண்டும்.