தோள் வலிக்கிறது என்றால் கோச்சை மாற்றுங்கள்
12 வயது மகளை சாஃப்ட்பால் பிட்சிங் (கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தை எறிவது) கோச் ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி முடிக்கச் சொல்கிறார், இப்போது தோளின் முன்பக்கம் வலிக்கிறது, மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றிவிடுங்கள். ஆனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், வலி போகும்வரை அவள் எறியவே வேண்டாம்.

பெரிய பிட்சர்களின் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பந்து விடுபடும் நேரத்தில் முன்கை இடுப்பை உரசிக்கொண்டு உள்பக்கமாகத் திரும்பும், முழங்கை அதற்குப் பிறகு தானாகப் போகிற இடத்துக்குப் போகும். இதைக் காட்டி விளக்கத் தெரிந்தவர்தான் நல்ல கோச். அப்புறம், எடுத்த எடுப்பிலேயே ரைஸ்பால் (மேலெழுவது போல வரும் பந்து), கர்வ் (பக்கவாட்டில் வளையும் பந்து) என்று ஆரம்பிப்பவர் வேண்டவே வேண்டாம். 40 அடியிலிருந்து ஃபாஸ்ட்பாலும் (வேகப் பந்து) சேஞ்ச்அப்பும் (வேகம் குறைந்த பந்து) முதலில் ஒரே கைவீச்சில் வரட்டும். சேருவதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள், பந்து தப்பினால் கத்துகிறாரா, ஏன் தப்பியது என்று பிள்ளையிடமே கேட்கிறாரா என்பது தெரிந்துவிடும்.