பழைய காரில் எஞ்சின் சத்தம் வந்தாலே எஞ்சின் மாற்ற வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: 97ஆம் ஆண்டு கொரோலா 110, ஓட்டோ கியர். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் டிக் டிக் என்று சத்தம், கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடுகிறது. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது கார் நடுங்குகிறது. வலது பக்கம் முழுதாகத் திருப்பி எடுக்கும்போது முன்சில்லுப் பக்கம் டக் டக். கராஜில் பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, "எஞ்சின் முடிஞ்சுது, பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று பார்ப்போம்" என்றார்களாம் (பஞ்சிகாவத்தை கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கிற இடம்). மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றும் பெரும்பாலும் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள், அவற்றில் ஒன்றுக்குக்கூட எஞ்சினை இறக்கத் தேவையில்லாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதே 110ஐப் பல வருஷமாகப் பாவிக்கிறேன், அதனால் இந்தக் காரின் புலம்பல்கள் கொஞ்சம் பழக்கம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால் எப்போது வருகிறது என்று பாருங்கள். எஞ்சின் அறைக்குள் சத்தம் ஊர்ந்து திரியும், இடது மூலையில் கேட்பது உண்மையில் வலது மூலையில் இருக்கலாம். நேரம் அப்படி ஏமாற்றாது. குளிரில் மட்டுமா, சூடானபிறகா? நிறுத்திவைத்து அக்சிலரேட்டரைக் கொடுத்தால் வருகிறதா, ஓடினால் மட்டும் வருகிறதா? நிறுத்திவைத்தும் வந்தால் எஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்து, நியூட்ரலில் உருளவிட்டாலும் காரின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் சில்லு, பெயரிங், டயர். பள்ளத்தில் விழுந்தால் மட்டும் வந்தால் சில்லைத் தாங்கிப் பிடிக்கிற லிங்க், புஷ், ஷொக் அப்சோபர். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

சரி, முதலில் அந்த டிக் டிக். கராஜ்காரர் பயப்படுத்தியது கொன்ரொட் பெயரிங் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டின் பெயரிங்) அடிக்கிறது என்ற எண்ணத்தில்தான். ஆனால் அது அடித்தால் சத்தம் டிக் இல்லை, டொக். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்ப் பக்கத்திலிருந்து கனமாக வரும், எஞ்சின் சூடாகி ஒயில் இளகினால் கூடும், நிமிடத்துக்கு 2000, 2500 சுற்றில் பிடித்து அக்சிலரேட்டரை விடும்போது இன்னும் தெளிவாகக் கேட்கும். உங்களுடையது சூடாகச் சூடாகக் குறைகிறது. திசையே வேறு. குளிரில் வந்து சூட்டில் மறைகிற சத்தத்துக்கு இந்த வயது எஞ்சினில் முக்கியமாக மூன்று காரணம் பார்க்கலாம்.

ஒன்று ஒயில். காலையில் ஸ்டார்ட் பண்ண முன்னம் ஒயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். பழைய எஞ்சின் ஒயில் குடிக்கும், அடுத்த சேர்விஸ் வரைக்கும் யாரும் பார்ப்பதில்லை. இரண்டு, டப்பெட், அதாவது கேம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் பாகம். உங்கள் 5ஏ-எஃப்ஈ எஞ்சினில் டப்பெட் இடைவெளியை ஷிம் என்கிற சின்னத் தகடு வைத்துத்தான் சரிசெய்யவேண்டும், தானாகச் சரியாகிற வகை இல்லை. வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் எஞ்சின் சுற்றுவதில் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது, அதனால் டப்பெட் சத்தம் எஞ்சினைவிட நிதானமாக, மேலே வால்வ் கவர் பக்கம் கேட்கும். கொஞ்சம் டப்பெட் சத்தத்தோடு இந்தக் கார்கள் வருஷக்கணக்காக ஓடுகின்றன. எனக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

மூன்றாவதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை. எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி) கேஸ்கட்டில் சின்னக் கசிவு. குளிரில் உலோகம் சுருங்கி இடைவெளி திறந்திருக்கும், அதனால் சக் சக் அல்லது டிக் டிக் என்று அடிக்கும், சூடானதும் விரிந்து மூடிக்கொள்ளும், சத்தமும் போய்விடும். கேட்க அப்படியே டப்பெட் மாதிரி. குளிர்ந்த எஞ்சினில் டோர்ச் அடித்து மனிஃபோல்ட் ஹெட்டில் பூட்டியிருக்கும் விளிம்பைப் பாருங்கள், கரி படிந்த கறுப்புக் கோடு தெரிந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

அதே இடத்தில் இன்னொன்று. மனிஃபோல்டுக்கு மேல் இருக்கும் தகரக் கவசம். கடலுக்குப் பக்கத்தில், காலி வீதிக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறவர்களுக்கு இது வராமலே இருக்காது. உப்புக்காற்றில் கறள் பிடித்து, போல்ட் ஓட்டை பெரிதாகி, குறிப்பிட்ட ஒரு சுற்றில் மட்டும் ஜ்ர்ர்ர் என்று அதிரும், அதற்கு மேலும் கீழும் சத்தமே இருக்காது. பக்கத்து வீட்டு அங்கிள் ஒருவருக்கு இதைக் கியர் பொக்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது ஒரு நீளமான மரக்கட்டையால் கவசத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்சிலரேட்டரைக் கொடுக்கச் சொன்னேன், சத்தம் நின்றது, கட்டையை எடுத்தேன், திரும்ப வந்தது. பெரிய வொஷர் இரண்டு போட்டு இறுக்கினோம். அவ்வளவுதான்.

சத்தத்தின் இடத்தைப் பிடிக்க பாஸ்மார், அதாவது கராஜ் மெக்கானிக்மார், செய்கிற பழைய வித்தை நல்லது: நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, நுனியை வால்வ் கவர், ஒல்டனேட்டர், வோட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்பது. பெல்ட்டும் ஃபேனும் ஓடுகிற பக்கம் கவனம், தொங்குகிற சங்கிலி, சால்வை, முடி எதுவும் வேண்டாம்.

கொன்ரொட் சந்தேகம் உண்மையிலேயே தீரவேண்டுமென்றால் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கின் வயரை எடுத்து, அந்த நுனியைக் காரின் உலோக உடம்பில் நன்றாகத் தொடவைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிக் கேட்கவேண்டும். ஒரு குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தும்போது மட்டும் சத்தம் அப்படியே குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது வயரைக் கையால் பிடுங்கக்கூடாது, நன்றாகக் கரண்ட் அடிக்கும். அதிக நேரம் ஓடவும் விடக்கூடாது, எரியாத பெட்ரோல் எக்ஸோஸ்டுக்குப் போகும். இதைக்கூடச் செய்யாமல் எஞ்சின் முடிந்தது என்று சொல்கிறவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது நடுக்கம். கியரை டிரைவில் வைத்து பிரேக்கை மிதித்தபடி ஏசியைப் போட்டால் கார் முழுக்க நடுங்கி, நியூட்ரலுக்கு மாற்றியதும் பெரும்பாலும் அடங்கினால் எஞ்சினைக் காரோடு தாங்கிப் பிடிக்கிற மவுண்டிங்கின் ரப்பரைப் பாருங்கள். வெடித்திருக்கும், இல்லாவிட்டால் தொய்ந்திருக்கும். நியூட்ரலிலும் விட்டுவிட்டு உதறினால் ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. இந்த எஞ்சினில் முதலில் பார்க்கவேண்டிய இடம் பிளக் குழிகள். வால்வ் கவர் மேலே நான்கு குழிகளுக்குள்ளேதான் பிளக் உட்கார்ந்திருக்கும். குழியைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் காய்ந்துபோனால் ஒயில் உள்ளே இறங்கும். பிளக் வயரை உருவும்போது நுனி ரப்பர் ஒயிலில் நனைந்து பளபளவென்று வந்தால் காரணம் அதுதான். சீலும் வால்வ் கவர் கேஸ்கட்டும் மாற்றி, குழியைத் துடைத்து, ரப்பர் ஊதியிருந்தால் வயரும் மாற்றினால் போதும். மழை நாளில் மட்டும் உதறினால், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம். ஐட்லிங் ஏறி இறங்கி விளையாடினால் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது, அல்லது உள்ளே போகிற காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் பொடியில் கரி.

உங்கள் காருக்குக் கம்ப்யூட்டர் ஸ்கேன் பண்ணமுடியாது என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பானட்டுக்குக் கீழ் டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு துளையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை ஒன் பண்ணினால் டாஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் மினுங்கும். நிற்காமல் ஒரே சீராக மினுங்கினால் பிழை எதுவும் பதிவாகவில்லை. இரண்டு தரம், சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு தரம் என்றால் கோட் 22, தண்ணீர்ச் சூட்டு சென்சர். ஒரு சதம் செலவில்லை. மூடியின் உள்பக்கம் துளைகளின் பெயர் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துத்தான் வயர் குத்தவேண்டும், குத்துமதிப்பாக வேண்டாம்.

டக் டக் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி அக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வந்தால் சி.வி. ஜொயிண்ட், அதாவது முன்சில்லைச் சுற்றவைக்கும் தண்டின் மூட்டு. வலது பக்கம் திருப்பும்போது என்றால் பெரும்பாலும் இடது சில்லுப் பக்கத்தது. அதை மூடியிருக்கும் பூட் ரப்பர் கிழிந்து சில்லின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். மாற்றிவிடுங்கள், வெகுநாள் தள்ளிப்போட்டால் நடு ரோட்டில் விட்டுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் பழைய எஞ்சின்களைக் கெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது: தெர்மோஸ்டட்டைக் கழற்றுவது. கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகிற வழியைத் திறந்து மூடும் வால்வ் அது. "எங்கட ஊர்ச் சூட்டுக்கு அது எதுக்கு அண்ணே" என்று சொல்லிக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது 82 பாகையளவில் திறக்கும்படி செய்யப்பட்டது, எஞ்சினை விரைவில் சரியான சூட்டுக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. இல்லாவிட்டால் எஞ்சின் நீண்ட நேரம் குளிராகவே ஓடும், குளிர் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், செலவு ஏறும், புகைப் பரிசோதனையிலும் மாட்டலாம். கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் விடுவது அடுத்த கொடுமை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் முழுதாக ஆறியபிறகு மட்டும். செங்கல் நிறத்தில் இருந்தால் உள்ளே கறள் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கண்டிப் பக்கம் போகிறவராக இருந்தால் கடுகண்ணாவ ஏற்றத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தகர டப்பாவுக்குள் கூழாங்கல் குலுக்கினமாதிரிச் சத்தம் வந்தால் அது நொக்கிங், சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்கில்லாமல் எரிவது. இக்னிஷன் டைமிங், உள்ளே படிந்த கரி, அதிகச் சூடு, இவற்றில் ஏதாவது. ஒரு டேங்க் 95 ஒக்டேன் பெட்ரோல் அடித்துப் பார்த்தால் குறைகிறதா என்று தெரியும்.

உடனே எஞ்சினை நிறுத்தவேண்டியது மூன்று இடத்தில்: ஒயில் லைட் எரிந்தால், சூட்டு முள் சிவப்புக்குப் போனால், நான் மேலே சொன்ன அந்த டொக் புதிதாகத் தொடங்கினால். வீடு பக்கம்தானே என்று ஓட்டக்கூடாது, டோ பண்ணுங்கள். மற்றச் சத்தங்களுக்கு ஒரு நாள் பொறுக்கலாம்.

2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, தனியார் காருக்கு 2025இல்தான் திறந்துவிட்டார்கள். அதற்கிடையில் பழைய காருக்கும் பழைய எஞ்சினுக்கும் வந்த மவுசு உங்களுக்கே தெரியும். பஞ்சிகாவத்தையில் தரையில் கிடக்கிற ரீகண்டிஷன் எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்கிறவருக்கே தெரியாது. உங்களுடையதன் கதையாவது உங்களுக்குத் தெரியும்.

கராஜுக்குக் காரை மாலையிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள், காலையில் பாஸ் வந்து நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது முதல் தடவையாக ஸ்டார்ட் பண்ணட்டும். ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சின் சூடாகி, சத்தம் மறைந்து, அவர் வேறு எதையோ கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். வேறொரு கராஜாக இருந்தால் நல்லது, முன்னையவர் சொன்னதைச் சொல்லாமல் சத்தத்தை மட்டும் சொல்லுங்கள். கேம் ஷாஃப்டைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்றும் பார்க்கச் சொல்லுங்கள், 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது. இந்த எஞ்சினில் அறுந்தாலும் வால்வ் வளையாது, ஆனால் நின்ற இடத்தில் நின்றுவிடும்.

ஒயில் ஸ்டிக்கில் அளவு எவ்வளவு, பிளக் குழியில் ஒயில் இருந்ததா, இரண்டையும் பார்த்துக் கீழே எழுதுங்கள். காலை ஸ்டார்ட்டை ஃபோனில் பதிவு பண்ணிப் போட்டால் இன்னும் நல்லது, பானட்டைத் திறந்துவைத்து, ஏசியும் ரேடியோவும் இல்லாமல்.